குழி ஆறவேண்டும்: நடவு மண்ணைப் பக்குவப்படுத்தலும் அதற்குரிய தமிழ்ச் சொற்களும்

இவ்வுரை வரிசையில் இலக்கணமும் இலக்கியமும் பேசப்படுவதே வழக்கம். இம்முறை மண்ணைத் தோண்டும் தொழிலைப் பற்றிப் பேச எடுத்துக்கொண்டேன். மொழிநூல் கற்றவனுக்கு மண்வெட்டியோடு என்ன தொடர்பு என்ற ஐயம் எழக்கூடும். அதற்கு விடையாக ஒரு நிகழ்ச்சியை முதலில் கூறுகின்றேன்.

சிரம்பான் நகரை ஒட்டிய லோபாக் வட்டாரத்தில் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளித் தோட்டத்தைக் காணச் சென்றிருந்தேன். மாணவர்கள் மிளகாய் நாற்றும் மாங்கன்றும் நட்டிருந்தார்கள். மூன்று வாரங்களுக்குள் மிளகாயில் பாதி வாடிவிட்டது. மாங்கன்றின் இலைகளோ ஓரங்களில் கருகி உதிரத் தொடங்கியிருந்தன. நீர் ஊற்றினோம், உரமும் இட்டோம், பின் ஏன் பட்டுப்போயின என்று மாணவர்கள் கேட்டார்கள். அவர்கள் கையில் இருந்த செய்முறைத் தாளில் நடவைப் பற்றி எழுதப்பட்டிருந்தவை இவ்வளவே: குழி தோண்டுக, உரம் இடுக, செடியை நடுக, நீர் ஊற்றுக.

பேரப்பிள்ளையை அழைத்துச் செல்ல வந்திருந்த மூதாட்டி ஒருவர் வேலியோரம் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பால்மரத் தோட்டத்தில் நெடுங்காலம் உழைத்தவர். அவர் சொன்னார்: “குழி ஆறலையே ஐயா! நேத்து வெட்டி இன்னைக்கே நட்டா, கன்னு எப்படிப் பிடிக்கும்?”

குழி ஆறுதல் என்ற அந்தச் சொல் செய்முறைத் தாளில் இல்லை. சொல் இல்லாமையால் அச்செயலும் நடைபெறவில்லை. செயல் நடைபெறாமையால் செடி பட்டது. ஒரு கலைச்சொல் வழக்கிழந்தால் அதனோடு ஒரு தொழிற்படியும் மறைந்துவிடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்றை என் ஆய்வுக் காலம் முழுவதும் நான் கண்டதில்லை. ஆகவே நடவுக்கு மண்ணைப் பக்குவப்படுத்தும் முறையை, அதற்குரிய சொற்களின் வழியாகவே ஈண்டு விளக்க முற்படுகின்றேன்.

நாற்றும் கன்றும்

முதற்கண் நடப்படும் பொருளின் பெயரை நோக்குவோம். நாறுதல் என்னும் வினைக்கு மணத்தல் என்ற பொருளோடு முளைத்தல், தோன்றுதல் என்ற பொருள்களும் உண்டு. அவ்வினையினின்று பிறந்ததே நாற்று. நெருக்கமாக விதைத்து முளைக்கச் செய்து, பின்னர் பிடுங்கி வேறிடத்தில் நடப்பெறுவது நாற்று. அது வளரும் இடம் நாற்றங்கால். நெல், கேழ்வரகு, மிளகாய், கத்தரி, தக்காளி ஆகியவற்றுக்கு நாற்று என்கின்றோம். மா, பலா, வாழை, பால்மரம் ஆகியவற்றுக்குக் கன்று என்கின்றோம். தென்னைக்குப் பிள்ளை என்பதும் உண்டு.

இவ்வேறுபாடு இன்று நேற்று வந்ததன்று. தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்களைத் தொகுத்துரைக்கும்போது, பிள்ளை, குழவி, கன்று, போத்து ஆகிய நான்கையும் ஓரறிவுயிராகிய நிலைத்திணைக்கும் வழங்கலாம் என இசைவளிக்கின்றது. அடுத்த நூற்பாவிலேயே நெல்லுக்கும் புல்லுக்கும் அப்பெயர்கள் பொருந்தா என விலக்கும் கூறுகின்றது. நெல்லங்கன்று என்று எவரும் கூறாமைக்கு இலக்கணம் தரும் ஒப்புதல் இது.

இதில் தொழில்நுட்பமும் அடங்கியுள்ளது. நாற்று பெரும்பாலும் மண் உதிர்ந்த வேரோடு பறிக்கப்படும்; அதற்கு வேண்டுவது குழைந்த சேறு அல்லது பொலபொலப்பான பாத்தி. கன்று தன் வேரைச் சூழ்ந்த மண்ணோடு பெயர்த்து வைக்கப்படும். பல்லாண்டு ஓரிடத்தில் நிற்கும். அதற்கு வேண்டுவது குழி. கன்று என்ற சொல்லைக் கேட்ட அளவிலேயே குழி எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும் என்னும் எண்ணம் உழவன் உள்ளத்தில் தோன்றிவிடும். செடி என்ற ஒரே பொதுச்சொல்லால் இரண்டையும் குறிக்கும் தாளைப் படித்த மாணவர்கள் மிளகாய்க்கும் மாவுக்கும் ஒரே அளவில் குழி வெட்டியிருந்ததில் வியப்பில்லை.

இந்நாட்டில் குழி வெட்டிய வரலாறு

மலாயாத் தமிழர் வரலாற்றின் பெரும்பகுதி குழி வெட்டிய வரலாறே எனலாம். 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை இங்கிலாந்தின் கியூ தாவரத் தோட்டத்துக்குக் கொண்டுசேர்த்தார். ரப்பர் விதை விரைவில் முளைப்புத் திறனை இழப்பது. எனவே முளைத்தவை மிகச் சிலவே. அங்கு வளர்ந்த கன்றுகளில் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூரை வந்தடைந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை உயர்ந்தபோது, நெகிரி செம்பிலான் உள்ளிட்ட மேற்குக்கரை மாநிலங்களில் காடுகள் அழிக்கப்பட்டுத் தோட்டங்கள் எழுந்தன. ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு குழி வெட்டவேண்டியிருந்தது. அவ்வேலையின் பெரும்பகுதி தமிழகத்திலிருந்து வந்த உழைப்பாளிகளின் கைகளால் நிகழ்ந்தது.

அவ்வுழைப்பின் அளவை ஒரு கணக்கால் உணரலாம். நீளம், அகலம், ஆழம் மூன்றும் இரண்டடி கொண்ட குழியின் கொள்ளளவு எட்டுக் கன அடி. அதிலிருந்து வெளிவரும் மண்ணின் எடை ஏறத்தாழ 300 கிலோ. ஒருவர் பத்துக் குழி வெட்டினால் மூன்று டன் மண்ணைத் தூக்கி வெளியே போட்டவராவார். ஒரு முழக் குழி, அதாவது ஒன்றரை அடிக் குழி எனில் மூன்றரைக் கன அடிக்கும் சற்றுக் குறைவே. குழியின் ஒவ்வொரு பக்கத்திலும் அரையடி கூட்டினால் வேலை இரண்டு மடங்குக்கு மேல் பெருகிவிடுகின்றது. எனவே தேவைக்கு மேல் பெரிய குழி வெட்டுவது சிறப்பாகாது. மாவுக்கும் பலாவுக்கும் இரண்டடிக் குழி தகும். மிளகாய்க்கும் கத்தரிக்கும் பண்படுத்திய பாத்தியில் ஒரு சாண் குழி போதும்.

மேல்மண், அடிமண்

குழி வெட்டுவோர் மண்ணை இரண்டு குவியலாக இடுதல் வேண்டும். மேலே உள்ள அரையடி கருநிறம் கலந்து பொலபொலவென்று இருக்கும். அது மேல்மண். இலைதழை மட்கிய சத்தும் நுண்ணுயிரும் மிகுதியாக வாழும் இடம் அது. அதற்குக் கீழே வருவது அடிமண். எங்கள் வட்டாரக் குன்றுகளில் அது பெரும்பாலும் செம்மஞ்சள் நிறக் களியாக இருக்கும். மிகுமழையால் சத்துகள் கழுவப்பட்டமையின் புளிப்புத்தன்மை கொண்டது. இரும்பும் அலுமினியமும் மிகுந்தது.

குழியை நிரப்பும்போது மேல்மண்ணை முதலில் உள்ளே தள்ளவேண்டும். வேர் வாழப்போவது அங்கேதான். அடிமண் மேலே வரும். வெயிலும் மழையும் மட்கும் அதனைக் காலப்போக்கில் திருத்திவிடும். ஒரே குவியலாகக் கலந்துவிட்டால் நல்ல மண்ணின் பயன் நீர்த்துப்போகும். மேல்மண், அடிமண் என்ற இரண்டு சொற்களும் மாணவனுக்குத் தெரிந்திருந்தால், இரண்டு குவியல் போடவேண்டும் என்பதை அவனுக்குத் தனியே சொல்லவேண்டியதில்லை.

ஆறுதல்

இனி மூதாட்டியின் சொல்லுக்கு வருவோம். ஆறுதல் என்னும் வினை தமிழில் பல இடங்களில் பயில்கின்றது. சோறு ஆறும்; புண் ஆறும்; சினம் ஆறும்; துயருற்ற மனம் ஆறும். எல்லா இடத்திலும் பொதுவாக நிற்கும் பொருள், கிளர்ந்த ஒன்று தன் இயல்புநிலைக்குத் திரும்புதல் என்பதே. வெட்டிய குழியும் அவ்வாறே ஆறவேண்டும். இரண்டு முதல் நான்கு வாரம் வரை குழியைத் திறந்து வைத்தலும், நிரப்பிய பின் மண் படிய விடுதலும் இதனுள் அடங்கும்.

அதற்குள் நிகழ்வன யாவை? முதலாவது, காற்றுப் படாமல் இறுகிக் கிடந்த அடிமண் நனைந்தும் உலர்ந்தும் வெடித்துத் தளர்கின்றது. இரண்டாவது, மண்ணில் மறைந்திருந்த புழுக்களும் முட்டைகளும் வெயிலாலும் பறவைகளாலும் ஓரளவு அழிகின்றன. மூன்றாவது, இட்ட எருவின் சூடு தணிகின்றது. நான்காவது, நிரப்பிய மண் தன் எடையால் கீழே படிகின்றது. படியுமுன் நட்டால், மண் தாழும்போது கன்றும் உடன் தாழும். அடித்தண்டு புதைந்து அழுகும்.

திருக்குறளின் உழவு அதிகாரத்தில், உழுத மண் ஒரு பலம் கால் பலமாகும்படி காய்ந்தால் ஒரு பிடி எருவும் வேண்டாமலே பயிர் செழிக்கும் என்னும் கருத்து இடம்பெற்றுள்ளது. அங்கே பேசப்படுவது வயல் உழவு. நாம் பேசுவது குழி. ஆயினும் மண்ணுக்கு ஓய்வு வேண்டும் என்ற அறிவு இரண்டுக்கும் பொது.

மக்குதல்

மட்குதல் என்பதே பேச்சில் மக்குதல் என ஆயிற்று. தொழுவத்துச் சாணமும் தழையும் மட்கி, மண்மணம் வீசி, கையில் சூடு தட்டாத நிலையை அடைந்த பின்னரே எரு எனத் தகும். பச்சைச் சாணத்தைக் குழியில் இட்டால் அது அங்கே மட்கத் தொடங்கும். மட்கும்போது வெப்பமும் அம்மோனியாவும் வெளிப்பட்டு இளவேரைக் கருக்கும். மட்காத வைக்கோலையோ மரத்தூளையோ இட்டால், அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணில் உள்ள தழைச்சத்தைத் தாமே எடுத்துக்கொள்ளும், கன்று மஞ்சளாகும். அப்பள்ளியின் மாங்கன்றுக் குழியில் இடப்பட்டிருந்தது பச்சைக் கோழி எரு. இலையோரம் கருகியதற்கு அதுவே காரணம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

குழியை நிரப்ப மூன்று பங்கு மேல்மண்ணுக்கு ஒரு பங்கு மக்கிய எரு போதும். குழி முழுவதையும் எருவால் நிரப்புவது பிழை. எரு மேலும் மட்கிக் குறையும், கன்று தாழும். அன்றியும், வேர் அந்த வளமான இடத்தை விட்டு வெளிமண்ணில் புக முனையாது.

மணிச்சத்து எனப்படும் பாஸ்பரசு மண்ணில் எளிதில் நகராது. புளிப்பு மண்ணில் இரும்போடும் அலுமினியத்தோடும் பிணைந்துவிடும். ஆகவே வேர் எட்டும் இடத்திலேயே அதை வைக்கவேண்டும். தோட்டங்களில் பாறைப் பாஸ்பேட்டைக் குழிமண்ணோடு கலப்பது இக்காரணம் பற்றியே. அது புளிப்பு மண்ணில்தான் மெல்லக் கரையும். சுண்ணாம்பு புளிப்பைக் குறைப்பது. எனவே இரண்டையும் ஒரே குழியில் ஒருங்கே இடலாகாது. பால்மரம் புளிப்பு மண்ணைத் தாங்கும்; அதற்குச் சுண்ணாம்பு வேண்டியதில்லை. காய்கறிப் பாத்திக்கோ நடுவதற்கு இரண்டு வாரம் முன்பாகச் சுண்ணாம்பு தூவிக் கொத்திவிடுதல் நன்று.

குழி பானையாகும் பிழை

களிமண் நிலத்தில் இன்னோர் இடர் உண்டு. கூரிய மண்வெட்டியால் ஈர மண்ணை வெட்டும்போது குழியின் சுவர் மெழுகியது போல வழவழப்பாகும். அதன் உட்புறத்தைப் பொலபொலப்பான மண்ணால் நிரப்பினால் மழைநீர் எளிதில் உட்புகும். ஆனால் சுவரைக் கடந்து வெளியேறாது. குழி மண்பானை ஆகிவிடும். நீரில் மூழ்கிய வேர் மூச்சின்றி அழுகும். மேலே இலை வாடும். வாட்டத்தைக் கண்டு மேலும் நீர் ஊற்றுவோம். பள்ளியில் மிளகாய் வாடியதன் காரணம் இதுவே. வாடிய செடியொன்றைப் பெயர்த்துப் பார்த்தபோது வேர் பழுப்பேறி நாற்றமடித்தது.

இதனைத் தவிர்ப்பது எளிது. குழிச் சுவரை முள்கரண்டியாலோ கடப்பாறை முனையாலோ கீறிவிடவேண்டும். நடுவதற்கு முன் குழியில் நீர் நிரப்பி மறுநாள் காலை பார்க்கவேண்டும். நீர் இன்னும் நின்றால் அவ்விடம் குழிக்கு ஏற்றதன்று. மண்ணை உயர்த்தி மேடாக்கி நடுக. அக்டோபர், நவம்பர் மழையில் இச்சோதனை இன்றியமையாதது.

புதுக் காட்டிலோ பழைய பால்மர நிலத்திலோ குழி வெட்டுவோர் மற்றொன்றையும் நோக்குதல் வேண்டும். பழைய அடிக்கட்டையும் வேர்த்துண்டும் மண்ணில் எஞ்சினால், அவற்றில் வாழும் வெள்ளைவேர்ப் பூஞ்சை புதுக் கன்றின் வேருக்குப் பரவி மரத்தையே சாய்க்கும். குழியில் அகப்படும் வேர்த்துண்டுகளைப் பொறுக்கி அகற்றுவது அழகுக்காக அன்று.

பதம்

மண்ணைக் கையாள ஏற்ற நிலையைப் பதம் என்கின்றோம். சோற்றுக்கும் பாகுக்கும் வழங்கும் அதே சொல். மேல்மண்ணில் ஒரு பிடி எடுத்து இறுக்குக. உருண்டையாகாமல் உதிர்ந்தால் ஈரம் போதாது. உருண்டையாகிப் பளபளத்து விரலில் ஒட்டினால் ஈரம் மிகை. உருண்டை நின்று, பெருவிரலால் தொட்டவுடன் பொடிந்தால் அதுவே பதம். இதற்குக் கருவி வேண்டியதில்லை; கையே போதும். ஈரம் மிகுந்த களிமண்ணைக் கொத்தினாலும் மிதித்தாலும் அது காய்ந்தபின் செங்கல்லாகும்.

அணைத்தல், மூடாக்கு

நடும் நாள் வந்ததும், மாலை வேளையையோ மேகமூட்டமான பொழுதையோ தேர்க. நிழலில் வளர்ந்த கன்றை ஒருவாரமாவது சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்கியிருத்தல் வேண்டும். நெகிழிப் பையைக் கிழித்து அகற்றுக. சுருண்டு கிடக்கும் வேரை மட்டும் நறுக்குக. பையில் இருந்தபோது மண்மட்டம் எங்கே இருந்ததோ அங்கேயே இப்போதும் இருக்கவேண்டும். ஒட்டுக் கன்றாயின் ஒட்டிய இடம் மண்ணுக்கு மேலே நிற்கவேண்டும்.

பிறகு மண்ணை அணைக்கவேண்டும். அணைத்தல் என்ற சொல்லே அழுத்தத்தின் அளவையும் கூறிவிடுகின்றது. குழந்தையை அணைப்பது போல, காற்றிடைவெளி நீங்கும் அளவுக்கு அழுத்தினால் போதும். குதிகாலால் மிதித்து இறுக்குதல் ஆகாது. இறுதியில் காய்ந்த புல்லையோ சருகையோ பரப்புவது மூடாக்கு. அது வெயிலையும் மழைத்துளியின் அறைதலையும் தடுத்து ஈரத்தைக் காக்கும். தண்டை ஒட்டி நான்கு விரல் இடம் விட்டுப் பரப்புக. தண்டைத் தொட்டால் அழுகல் வரும்.

சொல்லைக் காத்தல்

மேல்மண், அடிமண், ஆறுதல், மக்குதல், பதம், அணைத்தல், மூடாக்கு என்னும் ஏழு சொற்களையும் வரிசையாக வைத்தால் அதுவே முழுமையான செய்முறைத் தாள். இவற்றுள் ஒன்றேனும் கடுஞ்சொல் இல்லை. பெரும்பாலானவை சமையலறையிலும் தொட்டிலருகிலும் நாம் அன்றாடம் வழங்குபவை. அவற்றைத் தோட்டங்களில் வழங்கிய தலைமுறை இன்று முதுமையெய்தி வருகின்றது. பால்மரம் இருந்த இடங்கள் பல செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. தோட்டத்தை விட்டு நகர் சேர்ந்த குடும்பத்துப் பிள்ளைக்குக் குழி என்றால் சாலையில் விழுந்த பள்ளம்தான் நினைவுக்கு வருகின்றது. பிள்ளையைக் குறை கூறிப் பயனில்லை. தாளை எழுதியவர்கள் நாம்.

ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இது. பள்ளித் தோட்டத்துக்குச் செய்முறை எழுதுமுன், தோட்டத்தில் உழைத்த ஒருவரை அழைத்துவந்து மாணவர் முன் ஒரு குழி வெட்டச் செய்யுங்கள். அவர் சொல்லும் சொற்களை மாணவர்கள் ஏட்டில் எழுதட்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே, அச்சொல் குறிக்கும் செயலையும் அதன் காரணத்தையும் எழுதட்டும். மொழிப்பாடமும் அறிவியற்பாடமும் ஒரே ஏட்டில் அமையும்.

மாணவர்களுக்கு ஒரு குறிப்பு. லோபாக் என்பது மலாய் மொழியில் முள்ளங்கியைக் குறிக்கும் சொல். முள்ளங்கியைப் பெயர்த்து நடலாகாது. நட்டால் கிழங்கு கிளைத்துக் கோணலாகும். அதற்கு நாற்றும் இல்லை, கன்றும் இல்லை, நேரே விதைக்கவேண்டும். எதை விதைப்பது, எதைப் பெயர்த்து நடுவது என்று அறிந்த பின்னரே மண்வெட்டியைக் கையில் எடுக்கவேண்டும்.

அப்பள்ளி மாணவர்கள் மறுபடியும் குழி வெட்டினார்கள். இம்முறை மண்ணை இரண்டு குவியலாக இட்டுக் குழியை மூன்று வாரம் ஆறவிட்டார்கள். குழியருகே ஓர் அட்டையை நட்டு, ‘குழி ஆறுகிறது, தொடாதீர்’ என்று எழுதிவைத்திருந்தார்கள். அடுத்த பருவத்தில் நான் சென்றபோது மாங்கன்று புதுத்தளிர் விட்டிருந்தது.